சகலையின் காதுக்குப் பின்னால்

சகலை என்கிற உறவை யார் உண்டாக்கினார்களோ, என் வயிற்றெரிச்சல் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும். அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டுப் பிரிந்துவிடலாம். பங்காளி என்றால் நடுவில் வேலி போடலாம். சகலையை ஒன்றும் செய்ய முடியாது. மாமனார் வீட்டில் இரண்டு நாற்காலியைப் பக்கம் பக்கமாகப் போட்டு உட்காரவைத்துவிட்டு, வீடே நின்று ஒப்பிட்டுப் பார்க்கும்.

என் பெயர் ஞானதுரை. ஏழ்திட்டுக் குடியரசின் பவளத்துறையில் ஐஸ் கம்பெனி வைத்திருந்தேன். என் மனைவி பியூலா. அவளுடைய தங்கை மேபல். மேபலின் கணவன் மேஜர் ஜெயசிங், என்னைவிட ஆறு வயது இளையவன். வாய் நிறைய 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவான். அவன் மரியாதை குறைவாக நடந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் திட்டுகளில் கடைசிப் போர் நடந்து முப்பத்தோரு வருடம் ஆகிறது. யாரோடு நடந்தது என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டுவார்கள். போர் முடிந்ததே தவிர படை வளர்ந்துகொண்டேதான் இருந்தது. காலையில் பல் துலக்குவது படைநலக் கழகத்தின் பற்பசையில். ரொட்டி, சிமெண்டு, படகு எஞ்சின், கல்யாண மண்டபம், தொலைக்காட்சி, சவப்பெட்டி எல்லாம் கழகத்துடையவை. அவற்றை நடத்துபவர்கள் எல்லாரும் பதவியில் இருக்கும் அதிகாரிகள். புது மந்திரி பதவியேற்றால் முதலில் தளபதியைப் போய்ப் பார்ப்பார், கோயிலுக்கு அப்புறம்தான் போவார்.

இதெல்லாம் துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கியது என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதுகிறார்கள். தப்பு. எல்லாம் அரிசியால் வந்தது.

அரிசி என்பது நாங்கள் வைத்த பெயர். இடது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில், ஓர் அரிசி மணி அளவுக்கு ஒரு கருவி வைப்பார்கள். சண்டையில் சிப்பாய் கை கால் உறைந்து நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்தது. வைத்துக்கொண்டவனுக்குப் பயம் வராது. படையில் அதிகாரியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் அதை வைக்கலாம் என்பது சட்டம். ஆனால் போர் வரவில்லை. பயமில்லாத இத்தனை அதிகாரிகள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? கடைத்தெருவுக்கு வந்தார்கள்.

பயமில்லாதவனோடு வியாபாரத்தில் மோதிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எங்கள் ஊரில் பெரிய ஏலம் எல்லாம் துண்டுக்குள்தான் நடக்கும். கடைசியாக மிஞ்சும் இரண்டு பேர் எதிரெதிரே நின்று கையைக் கோத்துக்கொள்ள, தரகர் மேலே ஒரு துண்டைப் போடுவார். விரலை அழுத்தி அழுத்தி விலையை ஏற்ற வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. எதிராளியின் உள்ளங்கை வியர்த்தால் அவன் எல்லைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். இருபது வருடமாக நான் அடுத்தவன் வியர்வையைப் பிடித்தே பிழைத்தவன்.

துறைமுகக் குளிர்கிடங்கு ஏலத்துக்கு வந்தபோது எனக்கு எதிரே நின்றது ஜெயசிங். கழகத்தின் சார்பில் வந்திருந்தான். துண்டுக்குள் அவன் கை காய்ந்த சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. என் கை ஒழுகியது. இவனுக்குப் பின்னால் கடல் அளவு இருக்கிறது என்று நினைத்து கையை உருவிக்கொண்டேன். வெளியே வந்ததும் அவன் வெகுளியாகச் சொன்னான்.

"இன்னும் ஒரே ஒரு விரல் அழுத்தியிருந்தீங்கன்னா கிடங்கு உங்களுக்குத்தான் அண்ணாச்சி. அதுக்கு மேல போக எனக்கு உத்தரவே இல்ல."

அந்த நாட்களில் ஊர் முழுக்க ஏமாந்தது இப்படித்தான். வறண்ட கையைப் பார்த்து நிறைந்த பெட்டி என்று நினைத்தோம். உப்பளம், மரக்கடை, லாரி என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தோம். வழக்கத்தை மாற்றலாம் என்று எவனுக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் சொல்லப் பயம்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டில் விருந்து. விளமீன் தலை எப்போதும் மூத்த மருமகன் இலைக்குத்தான் வரும். பதினெட்டு வருடமாக வந்தது. அன்றைக்கு மாமியார் அதை ஜெயசிங் இலையில் வைத்தார். அவன் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி சாப்பிடட்டும் அத்தை" என்று என் பக்கம் தள்ளினான். எல்லாரும் 'என்ன தங்கமான பிள்ளை' என்று பார்த்தார்கள். அந்தத் தலையை நான் தின்றேன். ஒவ்வொரு முள்ளும் தொண்டையில் நின்று இறங்கியது.

ஜனவரியில் ஒரு மத்தியானம் மேபல் ஐஸ் கம்பெனிக்கே வந்தாள். ஐஸ் பார் இறங்குகிற சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லை. அலுவலக அறைக்குள் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

"அத்தான், நீங்க கொஞ்சம் அவங்ககிட்ட பேசணும். அந்த அரிசிய எடுத்துரச் சொல்லுங்க."

"ஏன், நல்லாத்தானே இருக்கான்? பங்களா, ஜீப்பு..."

"போன வருசம் படகு கவிழ்ந்துச்சுல்லா, நான் கடல்ல கிடந்தேன்லா. நாலு மணி நேரம் கழிச்சு நனைஞ்ச துணியோட வீட்டுக்குப் போறேன். அவங்க உக்காந்து இடியாப்பம் சாப்பிடுதாங்க. 'வா, சாப்பிடு'ங்காங்க. நான் செத்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்கன்னு கேட்டேன். 'நூத்துக்குத் தொண்ணூறு நீ பிழைச்சிருப்பேன்னு தெரியும், அதான் உனக்கும் சேர்த்து அவிச்சேன்'னாங்க."

"சரியாத்தானே சொல்லியிருக்கான்?"

மேபல் அழுதாள். "அக்காவுக்குத் தலைவலின்னா நீங்க பத்து தரம் நெத்தியத் தொட்டுப் பாக்குதீங்க. டாக்டர்கிட்ட போயி உளறுதீங்க. எனக்கு அக்கா மேல பொறாமையா இருக்கு அத்தான்."

இதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்லுகிறேன், அன்று முழுக்க அது இருந்தது. அவர்கள் வீட்டிலும் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்று இருக்கிறதே! பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பேசவில்லை. மறுநாள் அவன் ஜீப் என் கடை வாசலைத் தாண்டிப் போனபோது சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் வணிகர் அவையில் அந்த மசோதா வந்தது. எங்கள் நாட்டில் தொழிலைப் பற்றிய எந்தச் சட்டமும் வணிகர் அவையைத் தாண்டித்தான் போக வேண்டும். தொழிலுக்கு ஒருவராக நாற்பத்தொரு பேர். ஐஸ் தொழிலுக்கு நான். லாரித் தொழிலுக்கு ஜெயசிங். படை புதுத் தொழில் எதையும் தொடக் கூடாது, இருப்பதை ஐந்து வருடத்தில் விட்டுவிட வேண்டும், தொழில் செய்த அதிகாரி எவனும் ராணுவ நீதிமன்றத்துக்கு இல்லை, ஊர் நீதிமன்றத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது மசோதா. அவையில் அதிகாரிகள் இருபத்தொரு பேர், நாங்கள் இருபது பேர். எப்படியும் தோற்கும் என்று தெரிந்தும் கொண்டுவந்திருந்தார்கள்.

அதனால் கர்னல் வில்பிரட் என்னைத் தேடி வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கழகத்தின் தலைவரே அவர்தான். ஐஸ் கம்பெனி நாற்காலியில், துரு ஒட்டுமே என்ற கவலையில்லாமல் உட்கார்ந்தார்.

"எங்க வாயில ஒரு பல் ஆடுது மிஸ்டர் ஞானதுரை. எந்தப் பல்லுன்னு தெரியல. இருபத்தொண்ணுல ஒருத்தன் கவுத்துருவான்னு தகவல். அதனால வெளியிலருந்து ஒரு பல் வேணும்."

"என்னையா கேக்குதீங்க?"

"கம்பெனிய கழகத்தோட சேர்த்துருங்க. நீங்களே நடத்தலாம். படையில பதவி உண்டு. அரிசியும் உண்டு."

என் உள்ளங்கை வியர்த்தது. அப்பா கட்டிய கம்பெனி, நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், என்னை நம்பி அவைக்கு அனுப்பிய ஐஸ்காரர்கள் பதினேழு பேர். இதெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் கேட்டது வேறு.

"மேஜருக்கு மேல என்ன பதவி?"

கர்னல் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டு மெதுவாகச் சிரித்தார். "லெப்டினன்ட் கர்னல்."

"அது போதும்."

ஆடுகிற பல் யாருடையது என்று நான் யோசிக்கவே இல்லை. மேபல் என் முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தோள்பட்டையில் குத்தப்போகும் நட்சத்திரம்தான் கண்ணில் நின்றது.

பியூலாவிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் அரிசி கிடைத்தால் எப்படி இருக்கும் என்று. மீன் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கருமத்த வச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்துராதீங்க. சொல்லிட்டேன்."

சொல்லாமல் போனேன். பதவி உத்தரவு ரகசியமாகக் கையெழுத்தாகியிருந்தது, வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் வெளியிடுவார்கள். ராணுவ மருத்துவமனையில் அரை மணி நேர வேலை. மருத்துவர் இளம் பெண், கேப்டன் டாரதி. மரத்துப்போகிற ஊசி போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுத்தாள்.

"மூளைக்குள்ள ஆபத்துன்னா மணி அடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு சார். அந்த மணியோட நாக்கைக் கட்டிப் போடுறோம், அவ்வளவுதான். ஆபத்து இருக்குன்னு உங்க அறிவுக்குத் தெரியும். உடம்பு அலட்டிக்காது."

"மத்ததெல்லாம்? கோவம், பாசம்?"

"அப்படியே இருக்கும்."

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். "இந்தப் பொறாமை?"

அவள் என் காதுக்குப் பின்னால் துணியை ஒற்றிக்கொண்டே சிரித்தாள். "அதை எடுக்கவும் வழி கண்டுபிடிச்சாங்க சார். மேல வேண்டாம்னுட்டாங்க. பொறாமை இல்லன்னா ஒருத்தனும் பதவி உயர்வு கேக்க மாட்டான். வெளியில இருக்கிற யாரும் உள்ள வர மாட்டான்."

நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். அரிசி அதற்குள் வேலை செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சுக்கு நான் நடுங்கியிருப்பேன்.

பயமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன். சுகமாக இருக்கும். பல்வலி நின்றுபோன மறுநாள் போல. தெருவில் கழகத்து லாரி உரசுகிற மாதிரி போனது, நான் ஒதுங்கவில்லை. பியூலாவின் முன்னால் முடியை இழுத்துக் காதை மறைத்துக்கொண்டு பொய் சொன்னேன், நாக்கு குழறவில்லை. அன்று அவளுக்குக் காய்ச்சல் அடித்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டு செய்தித்தாள் படித்தேன். நெற்றியைத் தொட வேண்டும் என்று தோன்றவில்லை. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததை அப்போது கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அரிசி வைத்த பத்தாம் நாள் காலையில் வாக்கெடுப்பு. அவை நிரம்பி வழிந்தது. மேல் மாடத்தில் பெண்கள் வரிசையில் பியூலாவும் மேபலும். தொழில் பெயரைச் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராக எழுந்து 'ஆதரவு' அல்லது 'எதிர்ப்பு' என்று சொல்ல வேண்டும். அவையில் கடைசியாகச் சேர்ந்த தொழில் ஐஸ் என்பதால் என் முறை கடைசி.

"லாரித் தொழில்" என்று கூப்பிட்டார்கள். ஜெயசிங் எழுந்தான்.

அவன் கையில் ஒரு தாள் இருந்தது. அது படபடவென்று அடித்துக்கொண்டது. காற்றாடி சுழலவில்லை. சட்டைக் காலர் நனைந்திருந்தது. அவை முழுக்க ஒரே சமயத்தில் புரிந்துகொண்டது. இந்த மனிதன் பயப்படுகிறான். அரிசியை எடுத்துவிட்டான்.

"நான்... நான் பதினோரு வருசமா துண்டுக்குள்ள உங்களையெல்லாம் ஏமாத்தியிருக்கேன்" என்றான். "தெரிஞ்சு செய்யல. பயம்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சு. இப்ப பயமா இருக்கு. இங்கருந்து வெளிய போனா என்ன செய்வாங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லுதேன். ஆதரவு."

மாடத்தில் யாரோ விசும்பினார்கள். அப்புறம் கைதட்டல். மேபல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் பக்கத்தில் என் மனைவி எழுந்து நின்று, கைகளைக் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் என்னைப் பார்த்து அப்படி நின்றதில்லை.

பங்களாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், ஜீப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், மீன் தலைக்குப் பொறாமைப்பட்டேன். அதையெல்லாம் சேர்த்தாலும் அந்த நடுங்குகிற தாளைப் பார்த்தபோது வந்ததற்கு ஈடாகாது. நான் ஆசைப்பட்ட பயமின்மையை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். அவன் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வந்து என்னை மறுபடியும் முந்துகிறான்!

வரிசை போய்க்கொண்டே இருந்தது. ஆதரவு இருபது, எதிர்ப்பு இருபது. "ஐஸ் தொழில்" என்றார்கள்.

எழுந்தேன். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. 'ஆதரவு' என்றால் சட்டம் நிறைவேறும், ஜெயசிங்கை ஊர் நீதிமன்றம் காப்பாற்றும். 'எதிர்ப்பு' என்றால் வாசலிலேயே அவனைப் பிடித்து ராணுவ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். அவன் என்னைப் பார்த்தான். நிம்மதியாகத்தான் பார்த்தான். நான் கர்னலிடம் விலைபோனது அவனுக்குத் தெரியாது. அண்ணாச்சி படைக்கு வெளியே இருப்பவர், அண்ணாச்சி நம் பக்கம் என்று நினைத்திருப்பான்.

பழைய ஞானதுரையாக இருந்தால் கர்னலுக்குக் கொடுத்த வாக்கு தொண்டையில் சிக்கியிருக்கும். பியூலா என்ன நினைப்பாள், ஐஸ்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது, ஆண்டவர் கேட்டால் என்ன சொல்வது என்று ஆயிரம் பயம் வந்து கையைப் பிடித்திருக்கும். அதுவரை நான் யாருக்கும் பெரிய கெடுதல் செய்யாமல் இருந்தது நல்லவன் என்பதால் இல்லை, பயந்தவன் என்பதால்தான். அது எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை.

"எதிர்ப்பு" என்றேன்.

ஜெயசிங்குக்கு ஏழு வருடம். கழகத்தின் உப்பளத் தீவில் கடுங்காவல். எனக்கு லெப்டினன்ட் கர்னல் பதவியும், ஐஸ் மற்றும் உப்புப் பிரிவும். ஆக, என் சகலை என் உப்பளத்தில் என் கைதி. பியூலா அன்றைக்கே பெட்டியை எடுத்துக்கொண்டு மேபல் வீட்டுக்குப் போய்விட்டாள். பங்களாவைப் பிடுங்கிக்கொண்டதால் மேபல் இப்போது இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் இரண்டு பேரும் தூக்குச்சட்டியோடு படகேறித் தீவுக்குப் போனார்கள்.

ஏப்ரலில் உப்பளத்தைப் பார்வையிடப் போனேன். ஜெயசிங் கறுத்து இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தான். அப்புறம் பழைய பழக்கத்தில், "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி?" என்றான்.

"எப்படி இருக்கு இங்க?"

"பயமாத்தான் இருக்கு. வார்டன் பூட்ஸ் சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்க இடம் தேடுதேன். சனிக்கிழமை படகு வர லேட்டானா மேபலுக்கு என்னமோ ஆயிட்டுன்னு அழுதுருதேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தான். "அவ வந்து பாத்துட்டு, 'எனக்காகவா அழுதீங்க'ன்னு கேப்பா. தினம் கேட்டாலும் அலுக்காது போல அவளுக்கு. கல்யாணம் ஆன புதுசு மாதிரி இருக்கு அண்ணாச்சி. பியூலா மதினி எங்க ரெண்டு பேரையும் பாத்து சிரிப்பாங்க."

என்னைப் பழி சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு வருடச் சிறையில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷமாக இருந்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஓர் உத்தரவு எழுதினேன். கைதி அச்சத்தால் உறக்கமின்றி நலிவுறுகிறார், கருணை அடிப்படையில் அவருக்கு மீண்டும் கருவி பொருத்தப்பட வேண்டும். கர்னல் வில்பிரட் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். பயமில்லாத கைதி வெயிலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பான், இதை எல்லாக் கைதிகளுக்கும் வைத்தால் என்ன என்று யோசனை சொன்னார். கேப்டன் டாரதி மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "இது உங்க கையெழுத்துத்தானா சார்?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பியூலா வீட்டுக்கு வந்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

"படகு ரெண்டு மணி நேரம் லேட்டு இன்னைக்கு" என்றாள். "மேபல் ஓடிப்போயி கூப்பிட்டா. அவரு உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு. 'வந்துருவீங்கன்னு தெரியும்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு." அவள் தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "யாரு செஞ்சது?"

"அவன் நல்லதுக்குத்தான். பயந்து பயந்து செத்துக்கிட்டு இருந்தான்."

"நீங்களா?"

"நான்தான்."

பியூலா என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் காதைப் பார்த்தாள். இப்போதெல்லாம் நான் முடியை இழுத்து மறைப்பதில்லை. அவள் ஓர் அடி பின்னால் போனாள். படி இடறியது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். உதவலாம் என்று கையை நீட்டினேன். இரண்டு அடி விலகி, முதுகைக் காட்டாமலே இறங்கித் தெருவுக்குப் போனாள். அவள் உதடு நடுங்கியதை நான் நன்றாகப் பார்த்தேன். மேஜர் ஜெயசிங்கின் வறண்ட கையைக் கண்டு ஊரே மிரண்ட காலத்தில்கூட பியூலா அவனைப் பார்த்து ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. கடைசியில் அந்த ஒன்றில் நான் அவனை முந்திவிட்டேன்.